ஒரே வாரத்தில் சிவப்பழகா? உஷார்... டப்பாவுக்குள் பாதரசம்!

பரங்கிப்பேட்டை: "ஏழே நாளில் முகம் வெள்ளை" என்று ஆசை காட்டி விற்கும் முகக் கிரீம்கள் கிட்னியைப் பதம் பார்ப்பதை கேரள டாக்டர்கள் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்கள். குற்றவாளி, கிரீமில் கலந்த பாதரசம்.

கேரளாவில் நடந்ததுதானே, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. அது நடந்தது மலப்புரம் மாவட்டத்தில். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் பூமி அது. பரங்கிப்பேட்டையும் அப்படித்தான். துபாய், சவுதி, சிங்கப்பூர், மலேசியா என்று ஆள் போகாத நாடு இல்லை. ஊருக்கு வரும் பெட்டியில் சென்ட், சோப்பு, சாக்லெட்டோடு முகக் கிரீமும் வருவது வழக்கம்தான்.

ஆகவே முகத்தில் என்ன பூசுகிறோம், டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கோட்டக்கல்லில் நடந்தது என்ன?

மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனை. அங்குள்ள கிட்னி டாக்டர்களுக்கு ஒரு குழப்பம். முகம், கால் வீங்கி, சிறுநீரில் புரதம் கொட்டும் ஒரு கிட்னி நோயோடு ஆட்கள் அடுத்தடுத்து வந்தார்கள். இந்த நோய்க்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எதுவும் அவர்களிடம் இல்லை.

முதலில் வந்தது 14 வயதுச் சிறுமி. மருந்து கொடுத்தும் சரியாகவில்லை. பிறகு அவளுடைய உறவுக்காரர் ஒருவருக்கும் அதே நோய். ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு எப்படி? துருவித் துருவி விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இருவரும் ஒரே வெள்ளையாக்கும் கிரீமைப் பூசியிருக்கிறார்கள்!

உஷாரான டாக்டர்கள் அதற்குப் பிறகு வந்தவர்களிடமும் "முகத்துக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இந்த நோயோடு வந்த 22 பேரின் விவரங்களை டாக்டர்கள் சஜீஷ் சிவதாசும் ரஞ்சித் நாராயணனும் தொகுத்தார்கள். அதில் 15 பேருக்கு வந்தது 'நெல்-1' என்ற அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர், நோய் வருவதற்கு முன் வெள்ளையாக்கும் கிரீம் பூசியதை ஒப்புக்கொண்டார்கள். உலக அளவில் பேர்பெற்ற 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழில் இது 2024-ல் வெளியானது.

ஒருவருக்கு மூளை ரத்தக் குழாயிலேயே ரத்தம் கட்டிவிட்டது. ஆனால் ஒரு நல்ல சேதியும் உண்டு. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிந்தது. அதாவது, சீக்கிரம் கண்டுபிடித்தால் கிட்னியைக் காப்பாற்றிவிடலாம்.

மகாராஷ்டிராவிலும் இதே கதை நடந்தது. அகோலாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் தாய், இரண்டு மகள்கள் என மூன்று பேருக்கு கிட்னி பாதிப்பு. உள்ளூர் பியூட்டி பார்லரில் வாங்கிய கிரீமில் பாதரசம் ஏகத்துக்கும் இருந்ததை மும்பை கே.இ.எம். மருத்துவமனை கண்டுபிடித்தது. இந்தச் செய்தி 2023-ல் நாடு முழுக்க அடிபட்டது.

தோலில் பூசினால் கிட்னிக்கு எப்படிப் போகும்?

நியாயமான கேள்வி. பதில் சுலபம். தோல் என்பது இரும்புக் கதவு இல்லை. சில பொருட்கள் அதைத் தாண்டி ரத்தத்துக்குள் போய்விடும். பாதரச உப்புகள் அந்த ரகம்.

நம் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். கறுப்பாக இருப்பவருக்கு மெலனின் அதிகம். வெயிலில் இருந்து தோலைக் காக்கும் குடையே அதுதான். மெலனின் உருவாக உடம்பில் ஒரு நொதி வேலை செய்கிறது. பாதரசம் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். புது மெலனின் உருவாகாது. நிறம் வெளுக்கும். "அடேங்கப்பா, என்ன ரிசல்ட்டு!" என்று ஊரே கேட்கும்.

ஆனால் பாதரசம் அங்கேயே நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து கிட்னியில் போய்ச் சேர்கிறது. கிட்னி ஒரு வடிகட்டி. டீ வடிகட்டியில் ஓட்டை விழுந்தால் தூளும் சேர்ந்து டம்ளரில் விழுமே, அதே கதைதான். வடிகட்டி பழுதானால் உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் போய்விடும். சிறுநீர் நுரைக்கும். கால், முகம், கண்ணைச் சுற்றி வீக்கம் வரும்.

பூசியவருக்கு மட்டும் ஆபத்து என்று நினைக்காதீங்க. அம்மா முகத்தில் பூசிய கிரீம் துண்டில், தலையணையில் ஒட்டும். கைக்குழந்தை அம்மா கன்னத்தைத் தொட்டு விரலை வாயில் வைக்கும். கிரீமே பூசாத குழந்தைகளின் உடம்பிலும் பாதரசம் ஏறியிருந்ததை அமெரிக்காவின் கலிபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில் 2010-லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஒரு தெர்மாமீட்டர் கணக்கு

பாதரசம் என்றால் தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை விவகாரம் ஞாபகம் இருக்கும். பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் காயலான் கடைக்கு வந்தது அம்பலமானதும் 2001-ல் அந்த ஆலையை மூடினார்கள். உடல்நலம் கெட்டது என்று தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். கம்பெனியோ அதை மறுத்துவந்தது. கடைசியில் 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரசம் ஏற்பட்டது.

அந்த அளவுக்கு பயந்த பொருளைத்தான் கிரீம் என்ற பெயரில் காசு கொடுத்து வாங்கிப் பூசுகிறோம்.

எவ்வளவு இருக்கும்? கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று அழகுசாதனக் கடைகளில் ரெய்டு ஆரம்பித்தது. அதன் மூன்றாவது கட்டத்தில், லிப்ஸ்டிக், முகக் கிரீம் போன்றவற்றில் அனுமதித்த அளவைவிட 12 ஆயிரம் மடங்கு வரை பாதரசம் இருந்ததாக அம்மாநில சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் 2025-ல் அறிவித்தார்.

12 ஆயிரம் மடங்கு என்றால் புரியும்படி கணக்குப் போடுவோம். அனுமதித்த அளவு 10 லட்சத்தில் 1 பங்கு. ஒரு கிலோ கிரீமில் 1 மில்லிகிராம். அதைப்போல 12 ஆயிரம் மடங்கு என்றால் 30 கிராம் டப்பாவில் சுமார் 360 மில்லிகிராம் பாதரசம். பழைய கண்ணாடி தெர்மாமீட்டரில் இருப்பது அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை. அதாவது இரண்டு, மூன்று டப்பா காலி செய்தால் ஒரு தெர்மாமீட்டர் பாதரசத்தை முகத்தில் தேய்த்த கணக்கு!

மீனவ ஊரின் பெயரில் ஒரு சட்டம்

பாதரசத்துக்கு எதிரான உலக ஒப்பந்தத்துக்கே ஒரு மீனவ ஊரின் பெயர்தான். ஜப்பானில் உள்ள மினமாட்டா. அங்கே ஒரு ரசாயன ஆலை கழிவைக் கடலில் விட்டது. பாதரசம் மீனில் ஏறியது. மீனைத் தின்ற மீனவக் குடும்பங்களுக்குக் கை கால் விளங்காமல் போனது. பேச்சு குழறியது. 1956-ல் அது தனி நோய் என்று கண்டுபிடிக்கப்பட்டது.

மினமாட்டா ஒப்பந்தம் 2013-ல் கையெழுத்தாகி 2017-ல் அமலுக்கு வந்தது. இந்தியா 2018-ல் முறைப்படி சேர்ந்தது. 10 லட்சத்தில் 1 பங்குக்கு மேல் பாதரசம் உள்ள கிரீம்களை 2020-க்குப் பிறகு தயாரிக்கவோ, ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது என்றது ஒப்பந்தம். அதுவும் பத்தாது, வேண்டுமென்றே பாதரசம் சேர்ப்பதை 2025-க்குள் அடியோடு நிறுத்த வேண்டும் என்று 2023-ல் நாடுகள் முடிவெடுத்தன.

நம் நாட்டில் 2020-ல் வந்த அழகுசாதனப் பொருள் விதிகளும் இதையேதான் சொல்கின்றன. முகக் கிரீமில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தவறிப்போய் கலந்தால்கூட 10 லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் சரக்கு எப்படி வருகிறது?

பாதரசம் மலிவு, வேலையும் வேகம். இரண்டும் சேர்ந்தால் வியாபாரிக்குக் கொள்ளை லாபம். கப்பலில் கன்டெய்னர் போட்டு வர வேண்டியதில்லை. சூட்கேசில் நாலு டப்பா, ஆன்லைனில் பத்து டப்பா, வாட்ஸ்அப் குரூப்பில் ஆர்டர் என்று சில்லறையாகவே சரக்கு நகர்கிறது. துறைமுகத்தில் சோதிக்கும் அதிகாரி, நம் வீட்டுக்கு வரும் பார்சலைப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. ஆகவே கடைசி சோதனைச் சாவடி நம்ம கைதான்.

மெடிக்கல் ஷாப் டியூப்... இது இன்னொரு வில்லன்

வெளிநாட்டு கிரீம் வேண்டாம் என்று சிலர் நேராக மருந்துக் கடைக்குப் போவார்கள். "அண்ணே, முகம் பளிச்சுன்னு ஆவறதுக்கு ஒரு டியூப் குடுங்க" என்பார்கள். அவரும் எடுத்து நீட்டுவார். நூறு ரூபாய் இருந்தால் வேலை முடிந்தது. அங்கேதான் வம்பு ஆரம்பம்.

இப்படி வரும் பல டியூப்களில் இருப்பது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று பெயர் இருக்கும். இவை விஷம் இல்லை, நல்ல மருந்துதான். கரப்பான், சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு, டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் மட்டும் போட வேண்டியவை. பவுடர் பூசுவது போல தினமும் முகத்தில் பூசினால் நிலைமை தலைகீழ்.

முதல் இரண்டு வாரம் முகம் பளபளவென்று இருக்கும். பரு அடங்கும். "சூப்பர் கிரீம்" என்று பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சிபாரிசு போகும். பிறகு தோல் மெலிந்து வெங்காயச் சருகு மாதிரி ஆகும். ரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடாகத் தெரியும். பொம்பளைப் பிள்ளைகளுக்கு முகத்தில் முடி முளைக்கும். பரு மறுபடி கிளம்பும். வெயிலில் பத்து நிமிஷம் நின்றால் எரியும்.

சரி, நிறுத்திடலாம் என்று நிறுத்தினால் முகம் முன்னைவிட மோசமாகச் சிவந்து வீங்கும். பயந்துபோய் மறுபடியும் பூசுவார்கள். அடங்கும். இப்படியே அந்த டியூப்புக்கு முகம் அடிமை. தோல் டாக்டர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்றே தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய சங்கம் பல ஆண்டுகள் குரல் கொடுத்த பிறகு, 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் உத்தரவு போட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: டியூப்பின் இடது பக்கம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருக்கிறதா? இருந்தால் அது டாக்டர் சீட்டுக்கு மட்டும் உள்ள மருந்து. அழகு கிரீம் இல்லை. கடைக்காரர் எவ்வளவு பழகினவராக இருந்தாலும் "சீட்டு வேணாமா?" என்று நீங்களே கேளுங்க.

ஹைட்ரோகுவினோன் என்று இன்னொரு பொருளும் இருக்கிறது. மங்கு எனப்படும் கரும்படலத்துக்கு டாக்டர்கள் கொஞ்ச காலத்துக்கு எழுதித் தரும் மருந்து. நீண்ட காலம் இஷ்டத்துக்குப் பூசினால் வெளுப்பதற்குப் பதில் தோல் நீலம் பாய்ந்த கறுப்பாக மாறிவிடும். அதை மாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஐரோப்பிய நாடுகள் 2001-லேயே சருமக் கிரீம்களில் இதற்குத் தடை போட்டுவிட்டன.

நீளப் பெயரைக் கண்டு பயப்படாதீங்க

இப்போது டப்பாவைத் திருப்புங்க. பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். வாயில் நுழையாத பெயர்கள். "ஐயோ, எல்லாம் கெமிக்கல்!" என்று அலற வேண்டாம். அதில் பெரும்பாலானவை சாதுவானவை.

ஒரு விதியை ஞாபகம் வைத்தால் போதும். எது அதிகம் சேர்க்கப்பட்டதோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். மீன் குழம்பில் புளித்தண்ணி முதலில், பெருங்காயம் கடைசியில் என்ற மாதிரி.

அக்வா: வெறும் தண்ணீர். அனேகமாக எல்லா கிரீமிலும் முதல் பெயர் இதுதான். கொடுக்கிற காசில் பெரும்பங்கு தண்ணீருக்குத்தான் போகிறது.

கிளிசரின்: ஈரத்தை இழுத்துத் தோலில் பிடித்து வைக்கும். பனிக்காலத்தில் வெடித்த உதட்டுக்குப் போடுவோமே, அதே சரக்கு.

பெட்ரோலேட்டம்: வேசலின் டப்பாவில் இருப்பது. தோலில் இருக்கும் ஈரம் போகாமல் மூடி போடும். பித்தவெடிப்புக்கு அருமை.

சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால்: பெயரைப் பார்த்து சாராயம் என்று நினைத்து ஒதுக்குபவர்கள் உண்டு. இது மெழுகு மாதிரியான கொழுப்புப் பொருள். போதைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கிரீம் கெட்டியாக இருக்கச் சேர்க்கிறார்கள்.

டைமெத்திகோன்: சிலிக்கான் வகை. தடவும்போது வழுவழுப்பு தருவது இதுதான்.

நியாசினமைடு: வைட்டமின் பி3. கரும்புள்ளியை மெல்ல மெல்ல குறைக்கும். மாதக்கணக்கில் பூசினால்தான் கொஞ்சமாவது தெரியும். யோக்கியமான பொருள் எதுவும் ஏழு நாளில் மாயம் செய்யாது என்பதற்கு இதுவே சாட்சி.

சாலிசிலிக் ஆசிட்: பருவுக்குப் போடுவது. அளவுக்கு மீறினால் தோல் உரியும்.

டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு: வெள்ளைப் பொடிகள். சில கிரீம்களைப் பூசிய உடனே முகம் வெள்ளையாகத் தெரிவது இதனால்தான். தோல் வெளுக்கவில்லை, மேலே சுண்ணாம்பு அடித்த கதை. கழுவினால் போச்சு. ஆனால் இவை வெயிலைத் தடுக்கும் நல்ல குணம் உள்ளவை. பட்டியலில் 'சிஐ 77891' என்று எண் போட்டிருந்தால் அதுவும் டைட்டானியம்தான்.

பாராபென், பீனாக்ஸிஎத்தனால்: கிரீமில் பூஞ்சை பிடிக்காமல் காப்பவை. ஊறுகாய்க்கு உப்பு மாதிரி.

பர்ஃபம்: வாசனை. அரிப்பு, தடிப்பு வருவதற்கு அடிக்கடி காரணமாவது இதுதான். புது கிரீம் வாங்கினால் முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்க. அரித்தால் வேண்டாம்.

ரெட்டினால்: வைட்டமின் ஏ வகை. கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே கூடாது.

பேரே இல்லாததைக் கண்டு பயப்படுங்க

பட்டியலில் பெயர் நீளமாக இருப்பது ஆபத்து இல்லை. டப்பாவில் எதுவுமே எழுதாமல் இருப்பதுதான் ஆபத்து.

இந்தியாவில் விற்கும் அழகுசாதனப் பொருளில் தயாரித்த கம்பெனி பெயர், முகவரி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் இருக்க வேண்டும். உள்நாட்டுச் சரக்கு என்றால் தயாரிப்பு லைசென்ஸ் எண், வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதி செய்தவர் முகவரியும் கட்டாயம். 30 கிராமுக்குக் குறைவான கிரீமுக்கு மட்டும் உட்பொருள் பட்டியல் போடாமல் இருக்க விலக்கு உண்டு. அஞ்சு ரூபாய் பாக்கெட்டில் பட்டியல் இல்லாததற்கு அதுதான் காரணம். ஆனால் அதிலும் கம்பெனி பெயரும் தேதியும் இருக்கணும்.

பாதரச கிரீமைச் சந்தேகிக்க இந்த அடையாளங்கள் உதவும்:

* கம்பெனி முகவரி, இறக்குமதி எண் எதுவும் இல்லை.

* ஒரே வாரத்தில் வெள்ளை என்று அடித்துச் சொல்கிறார்கள்.

* பட்டியலில் மெர்க்குரி, கேலோமெல், மெர்க்குரஸ் குளோரைடு, அம்மோனியேட்டட் மெர்க்குரி என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கிறது. எல்லாமே பாதரசத்தின் புனைபெயர்கள்.

* "தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்" என்று எச்சரிக்கை இருக்கிறது. இதைக் கவனமாகப் பாருங்க. பாதரசம் தங்கத்தோடு ஒட்டி அதைக் கெடுத்துவிடும். மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் பூசச் சொல்லும் கிரீமை முகத்தில் பூசலாமா?

* பார்லரில் பெரிய டப்பாவிலிருந்து சின்ன டப்பிக்கு மாற்றி, லேபிள் ஒட்டாமல் தருகிறார்கள்.

இன்னொன்று, கண்ணால் பார்த்தோ மோந்து பார்த்தோ பாதரசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகச் சோதனை ஒன்றுதான் வழி. "நான் நாலு மாசமா போடுறேன், எனக்கு ஒண்ணும் ஆவலையே" என்பதும் சாட்சி ஆகாது. கிட்னி சத்தம் போடாத உறுப்பு. பாதி பழுதான பிறகுதான் குரல் கொடுக்கும்.

ஆசையை விற்கிறவன் யார்?

பூசுகிறவர்களைத் திட்டிப் பயன் இல்லை. அந்த ஆசையை உண்டாக்கியது யார்? 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' சந்தைக்கு வந்ததிலிருந்து, சிவப்பாக இருந்தால்தான் வேலை, சிவப்பாக இருந்தால்தான் கல்யாணம் என்று விளம்பரங்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. மாநிறப் பெண்ணை அழுமூஞ்சியாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர அமைப்பு 2014-ல்தான் விதி போட்டது. உலகமெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதும் 2020-ல் அந்தக் கிரீமின் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர் மாறியது. பெண் பார்க்க வருகிறவர்களின் பார்வை மாறியதா?

"பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மி" என்று தரகர் ஒரு வார்த்தை சொன்னால், நகை ரெண்டு பவுன் கூடுகிறது. அதைக் கேட்டு வளரும் பிள்ளை 14 வயதில் கிரீமைத் தேடுவதில் என்ன ஆச்சரியம்? மாப்பிள்ளைப் பையன்களும் இப்போது இதில் சளைத்தவர்கள் இல்லை. நிறுவனத்தையும் கடைக்காரரையும் கேள்வி கேட்கும் முன், வீட்டில் பெரியவர்கள் வாயைக் கட்ட வேண்டும்.

அன்னங்கோயில் இறங்குதளத்தில் விடியற்காலையிலிருந்து நின்று மீன் ஏலம் எடுத்து, கூடை சுமந்து விற்கும் பெண்களுக்கும், நடவு வேலை, கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு விஷயம். வெயிலில் நிற்கிறவர்களுக்கு மெலனின்தான் பாதுகாப்பு. பாதரசமோ ஸ்டீராய்டோ பூசி அந்தக் குடையை மடக்கிவிட்டு வெயிலில் நின்றால், முகம் எரிந்து இன்னும் கறுக்கும். தலையில் துண்டு, அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, முடிந்தால் ஒரு சன்ஸ்கிரீன். இவை போதும். சாயங்காலம் முகம் கழுவிவிட்டுக் கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ வேசலினோ தடவினால் உப்புக் காற்றில் காய்ந்த தோல் மென்மையாகும். செலவும் சில்லறைதான்.

ஏற்கனவே பூசிட்டேன், என்ன செய்ய?

பதற வேண்டாம். ஆனால் தள்ளியும் போடாதீங்க.

வெள்ளையாக்கும் கிரீம் மேல் சந்தேகம் இருந்தால் இன்றே நிறுத்துங்க. சிவப்புக் கோடு போட்ட ஸ்டீராய்டு டியூப்பை ரொம்ப நாளாகப் பூசுகிறவர்கள் மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். தோல் டாக்டரைப் பார்த்து அவர் சொல்கிறபடி படிப்படியாக விடுங்க.

சிறுநீர் நுரைக்கிறதா, காலையில் கண் இமை வீங்குகிறதா, காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பரிசோதியுங்க. ரொம்ப எளிய சோதனை. புரதம் இருந்தால் சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ போங்க. டாக்டர் கேட்காவிட்டாலும் "இந்தக் கிரீம் பூசினேன்" என்று நீங்களே சொல்லுங்க. வெட்கப்பட்டு மறைத்தால், டாக்டர் வேறு காரணத்தைத் தேடி மாதங்கள் ஓடிவிடும்.

மிச்சமிருக்கும் டப்பாவைக் குப்பையிலோ வெள்ளாற்றிலோ வீசாதீங்க. ஆற்றுக்குப் போன பாதரசம் சேற்றில் கிடந்து, மீனில் ஏறி, திரும்ப நம்ம தட்டுக்கே வரும். மினமாட்டாவில் நடந்தது அதுதான். மூடி போட்டு, பிளாஸ்டிக் கவரில் கட்டி டாக்டரிடம் எடுத்துட்டுப் போங்க. அதுதான் சாட்சி.

கடையில் வாங்கினால் பில் கேளுங்க. லேபிள் இல்லாத கிரீம் விற்றால் மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் போடலாம்.

கோட்டக்கல்லில் பூட்டை உடைத்தது பெரிய மெஷின் எதுவும் இல்லை. "முகத்துக்கு என்ன போடுறீங்க?" என்ற ஒரே கேள்வி. அந்தக் கேள்வியை இன்று ராத்திரி உங்கள் வீட்டில் கேளுங்க. அடுத்த முறை வெளிநாட்டிலிருந்து மகனோ மச்சானோ "என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று போனில் கேட்டால், கிரீம் வேண்டாம், பேரீச்சம்பழம் போதும் என்று சொல்லுங்க. மாநிறமாக இருந்தாலும் கிட்னி ரெண்டும் நல்லா இருந்தால் அதுதான் அழகு!